நாரையின் அடிச்சுரம்

மலிவான சாக்ஸபோனைப் பார்க்க வருகிறவர்கள் வந்ததும் வராததுமாக அதை வாயில் வைத்துவிடுவார்கள். சாய்யுன் அதை முதலில் மூக்கருகே கொண்டுபோனாள். புதுப் பித்தளையின் துவர்ப்பு, மெருகுப்பூச்சு, துளைமூடிகளின் ஆட்டுத்தோல், அவற்றை ஒட்டிய பசை என சாக்ஸபோன் பட்டறைகள் நிறைந்த ஹௌலியில் செய்யப்படும் எந்தக் கருவியிலும் இருக்கிற வாசனைகள்தான் அதிலும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வயதானவர்கள் நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்ளும் பச்சைத் தைலத்தின் வாடை.

"என்னம்மா, மீன் வாங்க வந்தியா, சாக்ஸபோன் வாங்க வந்தியா?" என்றாள் பட்டறையை நடத்தும் பாவ்ச்சு.

"மீன்னா செவுளைத் தூக்கிப் பாத்துரலாம் முதலாளியம்மா. இது பேரே கேள்விப்படாத மார்க். மோந்துதான் பாக்கணும்."

"பேர்ல என்ன இருக்கு? இந்தத் தெருவுல குழாய் வளைக்கிற கை, மூடி ஒட்டுற கை எல்லாம் எல்லாப் பட்டறைக்கும் ஒண்ணுதான். நான் பேருக்குத் தனியா காசு வாங்குறதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

கருவியின் மணிபோல் விரிந்த வாயில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை செதுக்கப்பட்டிருந்தது. சற்றே கோணலான நாரை. பட்டறைக்குப் பெயரும் அதுதான். பெரிய மார்க் எதையும் நினைத்துப் பார்க்கும் நிலையில் சாய்யுன் இல்லை. சவ ஊர்வலக் குழுவில் இரண்டாம் சாக்ஸபோன் வாசிப்பவள் அவள். சென்ற ஊர்வலத்தில் லாரியின் பின்பலகை திறந்துகொள்ள, அவளுடைய பழைய கருவி உருண்டு விழுந்து, பின்னால் வந்த சவ வண்டியின் சக்கரத்தில் தகடாகிப் போனது. அதற்கும் முன்பே அவள் இடம் ஆட்டம் கண்டிருந்தது. குளிர்காலத்தில் வந்த நிமோனியா போனபின்னும் நுரையீரலில் ஒரு மூலையைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டது. மேற்சுரங்கள் வந்தன, சவ ஊர்வலத்துக்கு உயிரான அடிச்சுரங்கள் பாதியில் உடைந்தன. குழுத்தலைவர் ஷெங்ஃபா பாக்கை மென்றபடியே தீர்ப்பு சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, உன் அடிச்சுரம் சளி பிடிச்ச எருமை மாதிரி இருக்கு. சனிக்கிழமை பெரிய இடத்து சாவு. பம்பளிமாஸ் தோட்டக்காரர். அன்னிக்கும் இப்படின்னா ஒலிபெருக்கி வண்டியை வாடகைக்கு எடுத்துருவேன். அதுக்குக் காய்ச்சல் வராது, கோவமும் வராது."

ஆகவே அவள் தேடியது அழகான கருவியை அல்ல. குறைந்த மூச்சுக்கும் கீழே இறங்கிப் பேசுகிற கருவியை. சனிக்கிழமை அது பேசினால் குழுவில் அவள் இருப்பாள், பேசாவிட்டால் இல்லை.

கருவியைச் சோதிப்பதில் அவள் கறாரானவள். நூலில் கட்டிய சிறு விளக்கைக் குழாய்க்குள் இறக்கி, மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. விசைத்தண்டுகளைப் பக்கவாட்டில் அசைத்தாள், ஆடவில்லை. கழுத்துக்குழாயைச் செருகித் திருப்பினாள். இறுக்கமாக, ஆனால் முரண்டு பிடிக்காமல் திரும்பியது. கோணல் நாரையைத் தவிரக் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு தன் கைப்பையிலிருந்து புதிய ரீட் ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தாள். காய்ந்த நாணல் பட்டை அப்படியே ஒலிக்காது. நாக்கில் வைத்து ஊறவைக்க வேண்டும். அதை மவுத்பீஸில் பொருத்திவிட்டு பாவ்ச்சு நீட்டிய தேநீரை ஒரு வாய் குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, ரீட்டை ஊறவைக்க நாக்கை நீட்டியபோது, அது ஏற்கெனவே ஈரமாக இருந்தது. ஈரம் மட்டுமில்லை. வெதுவெதுப்பு.

தான் நனைத்ததை மறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அடியிலேர்ந்து ஊது" என்றாள் பாவ்ச்சு. "இந்தப் பட்டறைல அதான் வழக்கம். அடிச்சுரம் முதல்ல. அப்புறம் ஒவ்வொண்ணா மேல."

சாய்யுன் ஊதினாள். உடைந்துவிடுமோ என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு தொடங்கிய சுரம் உடையவில்லை. தரையில் பரவும் தண்ணீர்போல அறையெங்கும் நிறைந்தது. பித்தளைத் தகடுகள் சுவரில் மெல்ல அதிர்ந்தன. மூச்சு தீர்ந்து அவள் நிறுத்தினாள். சுரம் நின்றது. ஆனால் அவள் நிறுத்திய கணத்தில் அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால்.

பாவ்ச்சு அவளைப் பார்க்கவில்லை. சன்னலோரத்து முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெளுத்த மெத்தை ஒன்று. அருகே மூன்றாவது தேநீர்க் கோப்பை. அறையில் இருந்தது இருவர்தான்.

"யாராவது வரணுமா?"

"வரவேண்டியவங்க இல்ல" என்றாள் பாவ்ச்சு. "எடுத்துட்டுப் போய் வீட்ல ஊதிப் பாரு. பிடிச்சிருந்தா காசு, இல்லன்னா கருவி. நானும் பழகிட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்துடுறாங்க."

*

சாய்யுனின் வீடு தாஜியா ஆற்றுக்குத் தெற்கே, ஃபெங்யுவானில், பாசனக் கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. சமையலறையில் நின்று ஊதினாள். ரீட் காய்ந்திருந்தது; வெகுநேரம் நாக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அடிச்சுரம் வந்தது, உடைந்தது, காற்றாகக் கரைந்தது. மறுபடி. மறுபடியும் அதே. அது மோசமான கருவி என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த மூச்சுக்கு நேர்மையாகக் கணக்குக் காட்டும் சாதாரணக் கருவி. அவள் மூச்சோ சிறியது.

அரிசிச் சேமியாப் பொட்டலத்தோடு எட்டிப்பார்த்த ஷெங்ஃபா வாசலிலேயே நின்று கேட்டார்.

"இது என்ன பறவை, வாத்தா?"

"நாரை அண்ணே."

"நாரைக்குத் தொண்டை கட்டிருச்சு போல. ஹௌலில எத்தனை பட்டறை இருக்கு, போயும் போயும் இதையா பிடிச்ச? எல்லாரும் திருப்பிக் கொடுக்கற சரக்கும்மா அது."

"பட்டறைல நல்லா ஒலிச்சுது. சத்தியமா."

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா மாப்பிள்ளையும் நல்லாத்தான் பேசுவான்" என்று சொல்லிவிட்டுச் சேமியாவை மேசைமேல் வைத்தார். திட்டினாலும் சாப்பாடு கொண்டுவர மறக்காதவர். அதனாலேயே அவர் சொன்ன சனிக்கிழமைக் கெடுவைப் பொய்யாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடையில் ஒலித்தது வீட்டில் ஒலிக்காதது புதிதல்ல. ஓடு வேய்ந்த உயரமான அறை குரலைக் கூட்டும். பொருட்கள் அடைத்த சமையலறை அதைத் தின்னும். சாய்யுன் மறுநாள் காலையில், தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியிடமிருந்து பழகிய கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, இரண்டையும் ஸ்கூட்டரில் கட்டிப் பாலம் தாண்டி வந்தாள். குறை அறையிலா, கருவியிலா, தன்னிடமா என்று தெரிந்தாக வேண்டும்.

பட்டறையில் நாரை பாடியது. இரவல் கருவியும் பாடியது. அதை இரவல் கொடுத்தவளிடம் ஒருநாளும் பாடியிராத ஆழத்தில். ரீட்டை மாற்றினாள். மாற்றிய ரீட்டும் உறையிலிருந்து ஈரமாகவே வந்தது. வெளியே முற்றத்தில், சுவரோ கூரையோ இல்லாத இடத்தில் நின்று ஊதினாள். அங்கேயும் அதே நிறைவு. அப்படியானால் அறை காரணமில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தாள். ஸ்கூட்டரில் தெற்கு நோக்கிப் போய், வழியில் நிறுத்தி நிறுத்தி நாரையை ஊதினாள். லில்லித் தோட்டத்தருகே பாடியது. பம்பளிமாஸ் தோப்பின் வேலியருகே பாடியது. வேலை செய்துகொண்டிருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பாலத்தின் தலைப்பில் பாடியது. அவள் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடைமேடையில் ஏறி, அடிச்சுரத்தைப் பிடித்தபடியே மெல்ல நடந்தாள். இடையில் மூச்சு வாங்கும்போதெல்லாம் சுரம் அறுபடாமல் அவளுக்காகக் காத்திருந்தது. ஆற்றுக் கற்கள்மேல் குளிர்காற்று அடித்தது. நடுப்பாலத்துக்குச் சற்று முன்னால், முதுகைத் தாங்கியிருந்த கையை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் சுரம் சட்டென்று மெலிந்தது. ஓரடி பின்னால் வைத்தாள். கை திரும்ப வந்து சேர்ந்தது. ஓரடி முன்னால். போய்விட்டது.

நல்ல வெயில். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாய்யுன் ஸ்கூட்டரை நோக்கித் திரும்பி நடந்தாள்.

*

"யாரு முதலாளியம்மா அது?"

பாவ்ச்சு தேநீர்ப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழுப்பவில்லை.

"ஆசுய் சித்தப்பா. எங்க சோதனைக்காரர். பட்டறையிலேர்ந்து வெளிய போற ஒவ்வொரு கருவியையும் அவர்தான் முதல்ல ஊதுவார். அந்த முக்காலிதான் அவர் இடம். பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. புயல் வந்தப்ப காய்ச்சல்ல போயிட்டாரு. அண்ணன் பையன் ஒருத்தன் தைபேயிலேர்ந்து வந்து, சாம்பலை வாங்கிக் கார்ல வச்சு எடுத்துட்டுப் போனான். பாலம் தாண்டும்போது கூப்பிடணும்ல? அவன் கைபேசில யார்கூடவோ பேசிக்கிட்டே ஓட்டிட்டுப் போயிட்டானாம்."

சாய்யுனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இறந்தவருக்குப் பாலம் தானாகத் தெரியாது. ஒவ்வொரு பாலத்திலும் பிள்ளைகள், 'அப்பா, பாலம் வருது, தாண்டுறோம்' என்று கூவிச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் உடல் போய்விடும், அவர் கரையில் நின்றுவிடுவார். தொழிலில் அவள் ஆயிரம் முறை கேட்ட கூவல் அது.

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே."

"நான் யாரு? முதலாளி பெண்டாட்டி. வேலை சொன்னவ. சொந்தம்தான் கூப்பிடணும். கூப்பிட்டா சொந்தமாயிருவோம். அப்புறம் ஊதுபத்தி, பண்டிகைச் சோறு, எல்லாம் நம்ம தலைல." துணியை உதறினாள். "அதுவுமில்லாம, அவர் இருக்கறது இங்க யாரையும் தொந்தரவு பண்ணல. காலைல தேநீர் ஊத்தி வைப்பேன், மத்தியானத்துக்குள்ள குறைஞ்சிருக்கும். வாங்க வர்றவங்க ஊதினா அசந்து போவாங்க. ஆத்தைத் தாண்டினதும் திருப்பிடுவாங்க, அதுதான் கஷ்டம். உனக்கு வேணாம்னா வச்சுட்டுப் போ. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

சாய்யுன் முக்காலியைப் பார்த்தாள். மெத்தையின் நடுவில் பள்ளம் இருந்தது. அது மெல்ல மேலெழுந்து சமனாயிற்று, யாரோ எழுந்து நின்றதுபோல.

அவள் கருவியை வைத்துவிட்டுப் போகவில்லை. சனிக்கிழமை ஊர்வலம் ஹௌலியில்தான் புறப்படுகிறது, பாதி வழிக்காவது ஒலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மீதிப் பாதியை அவள் நினைக்கவில்லை என்பது உண்மையில்லை.

*

சனிக்கிழமை வடக்குக் காற்று பலமாக இருந்தது. முன்னால் மலர்வளைய வண்டி, அடுத்து குழுவின் லாரி, பின்னால் தோட்டக்காரரின் சவ வண்டி, அதைத் தொடர்ந்து துக்கச் சணல் உடுத்திய பிள்ளைகள். லாரியின் பின்பலகையை ஷெங்ஃபா இம்முறை தானே கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்.

முதல் மெட்டிலேயே அவர் எக்காளத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாய்யுனைத் திரும்பிப் பார்த்தார். மெட்டின் அடியில் தரை போட்டதுபோல அவளுடைய சுரம் ஓடியது. தெருவோரக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். தோட்டக்காரரின் மூத்த மருமகள், அதுவரை வாடகை அழுகைக்காரியை ஏவிக்கொண்டிருந்தவள், தானே வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"நாரைக்குத் தொண்டை திறந்துருச்சுடி!" என்று ஷெங்ஃபா இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

பாலம் தெரிந்தது. சாய்யுனின் காதுக்கருகே தைலத்தின் வாடை அடர்ந்தது. பின்னால் பிள்ளைகள் தயாரானார்கள். மூத்தவன் சவ வண்டியின் பக்கத்தில் கைவைத்துக் குரலெடுத்தான்.

"அப்பா! பாலம் வருது! நாங்க கூட இருக்கோம், தாண்டுங்க!"

லாரி பாலத்தில் ஏறியது. நடுப்பாலம் நெருங்கியது. அவள் மனத்தில் அப்போது ஆசுய் சித்தப்பா இல்லை. அவர் தனிமையோ, கரையில் நிற்கும் அவர் கால்களோ இல்லை. இன்னும் சில கணங்களில் உடையப்போகும் சுரம் இருந்தது. தன்னை நோக்கித் திரும்பப்போகும் ஷெங்ஃபாவின் முகம் இருந்தது. அவள் மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுத்தாள். பிள்ளைகளின் கூவலுக்குள் தன் குரலை ஒளித்துக்கொண்டு சொன்னாள்:

"சித்தப்பா, பாலம். வாங்க, என்கூட தாண்டுங்க."

அவள் வாய் கருவியில் இல்லாத அந்த இடைவெளியிலும் அடிச்சுரம் நிற்கவில்லை.

அவசரமாக மீண்டும் உதட்டைப் பொருத்தினாள். நடுப்பாலம் கடந்தது. சுரம் மெலியவில்லை. தெற்குக் கரை வந்தது, மெலியவில்லை. இடுகாட்டு மலையின் சரிவு முழுக்க அது அவளோடு ஏறியது.

குழியருகே தோட்டக்காரரின் பிள்ளைகள் மண்டியிட்டு, "அப்பா, வந்து சேந்துட்டோம். இதுதான் உங்க இடம், இங்கயே இருங்க" என்றார்கள். கூப்பிட்டு அழைத்துவந்தவர்கள் கடைசியில் சொல்லியே தீரவேண்டிய வாக்கியம் அது. சாய்யுன் வாயைத் திறந்தாள். எந்த இடத்தைக் காட்டுவது? அவர் சாம்பல் தைபேயில் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. இந்த மலை இன்னொருவருடையது. வாயை மூடிக்கொண்டாள்.

இறங்கும்போது ஷெங்ஃபா அவள் தோளில் தட்டினார்.

"உன் இடம் உன்னுதுதான், போ. ஒலிபெருக்கி வண்டிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிர்றேன்." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "ஆமா, மூணாவது சாக்ஸபோனுக்கு யாரைக் கூட்டிட்டு வந்த? நான் பணம் பேசினது ரெண்டு பேருக்குத்தான்."

*

காசைக் கொடுக்கப் போனபோது பட்டறையில் வேலை நின்றிருந்தது. முக்காலியருகே தேநீர்க் கோப்பை விளிம்பு வரை நிறைந்து, மேலே ஏடு கட்டியிருந்தது.

"நேத்துலேர்ந்து எல்லாக் கருவியும் வெறும் கருவியா இருக்கு" என்றாள் பாவ்ச்சு. பணத்தை எண்ணாமல் பைக்குள் போட்டாள். "எங்க விட்ட அவரை?"

சாய்யுன் கோப்பையின் ஏட்டையே பார்த்தாள்.

"விடலையா?" பாவ்ச்சுவின் குரல் தாழ்ந்தது. "வந்து சேந்துட்டோம்னு சொல்லலையா? அப்ப வழிலதாம்மா இருக்காரு."

முக்காலியிலிருந்த மெத்தையை எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் கொடுத்தாள். சாய்யுன் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பெரிய பாலத்தில் சரியாகச் சொன்னாள். பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரன் ஒருமாதிரியாகப் பார்த்தான். ஃபெங்யுவான் சந்தைக்குப் பின்னாலிருந்த சிறுபாலத்திலும் சொன்னாள். வீட்டுச் சந்துக்கு முன்னால் பாசனக் கால்வாயின்மேல் போட்டிருந்த காங்கிரீட் பலகையை அவள் பாலமாக நினைத்ததே இல்லை. இருபது வருடமாக நடக்கும் பலகை. மெத்தையையும் கருவியையும் காய்கறிப் பையையும் தூக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அதைத் தாண்டினாள்.

சமையலறையில் கருவியை எடுத்தபோது ரீட் காய்ந்திருந்தது. ஊதினாள். பழைய சிறிய மூச்சு, பாதியில் உடைந்த அடிச்சுரம். கருவியைத் தாழ்த்திக்கொண்டு, முதலில் அவளுக்குத் தோன்றியது நிம்மதிதான். செய்யக்கூடாததைச் செய்தோம், அது தானாகத் தொலைந்தது. பிறகு திங்கட்கிழமை ஊர்வலம் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் வெளியே கேட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, மாலை வெயிலில், ஒரு சாக்ஸபோனின் அடிச்சுரம். நீளமாக, பொறுமையாக. நின்றது. அடுத்த சுரம். அதற்கடுத்தது. மெட்டு எதுவும் இல்லை. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக, புதுக் கருவியைச் சோதிப்பவன் ஊதும் முறையில். உச்சிக்குப் போனதும் மீண்டும் அடியிலிருந்து.

பக்கத்து வீட்டுக்காரி சன்னலைத் திறந்தாள். "சாய்யுன் அக்கா, உங்க ஆளா அது? நல்லா ஊதுறாரு. உள்ள கூப்பிடக் கூடாதா? குளிர்ல நிக்கிறாரு."

"தெரியுதா உனக்கு?"

"சத்தம்தான் கேக்குது" என்றாள் அவள், தான் சொன்னதைத் தானே யோசித்தவளாய். சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சாய்யுன் நாற்காலியில் மெத்தையைப் போட்டாள். தட்டிச் சமன் செய்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு சந்துமுனைக்குப் போய்ப் பலகையின் ஓரத்தில் நின்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. புல் மட்டும் ஓரிடத்தில் படிந்திருந்தது. சுரம் நின்றது.

"சித்தப்பா" என்றாள். இப்போது குரலை எதற்குள்ளும் ஒளிக்கவில்லை. "பாலம். சின்னதுதான். தாண்டி வாங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்கு வந்தாள். பின்னால் காலடி ஏதும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, ஒருவர் உள்ளே வருமளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு சாத்தினாள். மேசைமேல் கிடந்த கருவியின் ரீட்டில் விரலை வைத்தாள். ஈரமாக இருந்தது.